லீஸா, சொந்தமா: ஒரு சிவப்பு கார்

ஷிஃப்ட் முடிந்ததும் மனைவியோடு ஒரகடத்தில் கார் ஷோரூமுக்குப் போனேன். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் மாடல். சொந்தமாக வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா என்று ஒரு மாதமாக வீட்டில் பட்டிமன்றம். நான் லீஸ் கட்சி.

விற்பனைப் பெண் விளக்கினார்.

"மாசா மாசம் கட்டிட்டு மூணு வருஷம் ஓட்டுங்க சார். அப்புறம் ரிட்டர்ன் பண்ணிடலாம். ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு. கீறல் இருந்தா மட்டும் தனியா சார்ஜ்."

நான் தலையாட்டினேன். மனைவி என்னையே பார்த்தாள்.

"ஏங்க, நீங்க கம்பெனில இன்னா வேல பாக்குறீங்க?"

அவளுக்குத் தெரியாததா? கார் கம்பெனியில் பெயின்ட் செக்கிங். பன்னிரண்டு வருஷமாகப் புது கார்களில் டார்ச் அடித்து, யார் கண்ணுக்கும் படாத கீறலைத் தேடி மார்க்கரால் வட்டம் போடுகிறேன். இன்று காலைகூட தலைமுடி அளவு கீறலுக்காக ஒரு கதவைத் திருப்பி அனுப்பினேன்.

"வர்ற ஆளும் உங்கள மாதிரி இருந்தா?"

குன்றத்தூர் நெரிசலில் மூன்று வருஷம் ஓடிய காரை நானே சோதிப்பதாக நினைத்துப் பார்த்தேன். மார்க்கர் பத்தாது.

சொந்தமாகவே புக் செய்துவிட்டோம்.

டெலிவரி எடுக்க டார்ச்சோடு வரக் கூடாது என்று இப்போதே மனைவியின் உத்தரவு. நீங்களே சொல்லுங்கள், டார்ச் இல்லாமல் எப்படிங்க ஒரு கார் வாங்குவது?