கடைப் பார்சலும் ஒரு பை தோடம்பழமும்

எங்கள் எதிர்வீட்டுக் கதவில் வெள்ளிக்கிழமை தோறும் பீட்சா வந்து இறங்குகிறது. இருட்டின பிறகு அல்ல, நல்ல வெளிச்சத்தில். கொண்டுவருகிறவர் மணியை அடிக்கிறார். இங்கிரிட் கதவை அகலத் திறந்து, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று மழையைப் பற்றி நாலு கதை கதைக்கிறார். பெட்டியைத் துணியால் மூடுவதில்லை. பின்பக்கத்தால் உள்ளே எடுப்பதில்லை. மாடிப்படியில் ஏறிவருகிறவர்கள் கண்டால் "நல்ல வாசம்!" என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். நோர்வேயில் எனக்கு மற்றதெல்லாம் பழகிவிட்டது. பனியில் சறுக்கி விழுந்து எழும்பப் பழகிவிட்டேன். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் வந்து இருக்கமாட்டார்கள் என்பதும் பழகிவிட்டது. இந்தத் துணிச்சல் மட்டும் பழகவில்லை. இங்கிரிட்டின் வீட்டுக்குப் பெட்டி வரும்போது நான்தான் வெட்கப்பட்டு எங்கள் குசினி யன்னலை மூடுகிறேன்.

வந்த புதிதில் இதைவிட மோசம். ஒரே கிழமைக்குள் அந்தக் கதவுக்கு மூன்று தடவை வெளிச்சாப்பாடு வந்ததைக் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துளையால் கண்டுவிட்டேன். மூன்று தரம் என்றால் சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஏதோ பெரிய வருத்தம். மொழி வகுப்பில் நோயாளியைக் கண்டால் "கூ பெத்ரிங்" என்று சொல்ல வேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். அதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒரு பை தோடம்பழமும் ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய அவித்த கொத்தமல்லித் தண்ணியும் எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன். இங்கிரிட் ஓட்டப் பயிற்சிக்குப் போகிற உடுப்போடு, குதிரை மாதிரி நின்றார்.

"கூ பெத்ரிங். யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லையே" என்றார்.

"அப்படியென்றால் சாப்பாடு ஏன் வெளியிலிருந்து வருகிறது?"

இங்கிரிட் நன்றாக யோசித்தார். "சமைக்க விருப்பமில்லை" என்றார்.

ஒரு குடும்பப் பெண் இதை இன்னொருத்தியின் முகத்துக்கு நேரே சொல்லலாமா? எங்கள் ஊரில் கடைச் சாப்பாடு வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்காரி படுக்கையில் கிடக்கிறாள் என்று அர்த்தம், அயலட்டை தோடம்பழத்தோடு வரும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் விளக்கினேன். அவர் மிகவும் பவ்வியமாகக் கேட்டார். கொத்தமல்லியை ஒரு மிடறு குடித்துவிட்டு, உங்கள் நாட்டுத் தேநீர் தைரியசாலிகளுக்கானது என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீடு இருந்த வாய்க்கால் கரையில் வளர்ந்திருந்தால்தான் அது விளங்கும். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் எனக்குப் பத்து வயதுக்குள்தான் இருக்கும். அப்பா இடைக்கிடை வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் இருந்த தன் தங்கச்சியைப் பார்க்கப் போவார். திரும்பும்போது வவுனியாவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு வருவார். லஞ்ச் சீற் என்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் சுற்றி, அதன்மேல் பத்திரிகைத் தாள் சுற்றி, அதைக் கொண்டுபோய் ஓர் உரப்பைக்குள் வைத்து, மேலே இரண்டு தேங்காயையும் போட்டுக்கொண்டு, ஏதோ கடத்தல்காரன் போலப் படலையால் நுழைவார். யூரியா என்று எழுதியிருந்த பையைக் கண்டால் எனக்கும் அண்ணாவுக்கும் வாய் ஊறும். இன்றைக்கும் உரக்கடையைக் கடந்தால் எனக்குப் பசிக்கிறது.

அதன் பிறகு அம்மாவின் நாடகம் தொடங்கும். கைகால் சுகமாக இருக்கும்போது கடையில் வாங்கித் தின்கிற வீடு என்று ஊர் சொல்லிவிடக் கூடாது. அம்மா அடுப்பை மூட்டிப் புகையைக் கிளப்புவார். வெறும் சட்டியில் அகப்பையால் நாலு தட்டுத் தட்டுவார். கொத்தைத் தன் சட்டிக்கு மாற்றிச் சூடாக்குவார். தடயம் இருக்கக் கூடாதென்று லஞ்ச் சீற்றையும் தாளையும் அடுப்புக்குள் திணிப்பார். எங்களைக் காட்டிக்கொடுத்ததே அந்த வேலைதான். லஞ்ச் சீற் எரிகிற மணம் வேலியைத் தாண்டிப் போன கையோடு, பக்கத்து வீட்டுப் பவளம் பெரியம்மாவின் குரல் கேட்கும்.

"தங்கச்சி, பார்சல் மணம் வருது. ஆருக்கடி சுகமில்லை?"

ஆசைக்கு வாங்கினோம் என்று சொல்ல அம்மாவால் முடியாது. யாராவது ஒருவர் உடனே நோயாளியாக வேண்டும். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். யாரைப் பார்க்கிறாரோ அவர் பாயில் விழுந்து போர்த்திக்கொள்ள வேண்டும். ஒருமுறை அது என்மேல் விழுந்தது. பவளம் பெரியம்மா தோடம்பழத்தோடும் சோடாப் போத்தலோடும் வந்து, என் தலைமாட்டில் குந்தியிருந்து, தன் பக்கத்துச் சொந்தத்தில் எவரெவர் என்ன காய்ச்சலில் படுத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். குசினிக்குள் அண்ணா கொத்தைச் சத்தம் போட்டுச் சாப்பிட்டான். எனக்குக் கண்ணீர் வந்தது. "பாவம் பிள்ளை, நல்லா நோகுது போல" என்று பெரியம்மா உருகிப்போய், எனக்குச் சுகம் வந்தால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்குவதாக அந்த இடத்திலேயே நேர்ந்துவிட்டார். அம்மா நடுங்கிப்போனார். அயலவரிடம் பொய் சொல்லலாம், கண்ணகை அம்மனிடம் சொல்ல முடியுமா? பொய்க் காய்ச்சலுக்கு உண்மையான பொங்கல் பொங்க, பஸ் ஏறி, குடும்பமாகப் போய்வந்தோம். வழி முழுக்க அப்பா சிரித்தார். அம்மா அவரோடு கதைக்கவில்லை.

இந்த அம்மாதான் இப்போது தொலைபேசியில் பிறைட் றைஸ் கொண்டுவரச் சொல்கிறார். சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு நானும் என் மகள் துளசியும் ஊருக்குப் போனோம். அப்பா இல்லை, அண்ணா கனடாவில், அம்மா தனிய. அம்மம்மாவின் புட்டைப் பற்றியும் மீன்குழம்பைப் பற்றியும் துளசிக்கு நான் வருடக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தேன். போய் இறங்கிய அன்று படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்று கோர்ன் அடித்தது. அம்மா ஊர் பார்க்கப் படலையடிக்குப் போய், பார்சலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, கோழியும் இருக்கு, மரக்கறியும் இருக்கு. எது வேணும்?" அடுத்த நாள் கொத்து. அதற்கடுத்த நாள் நூடில்ஸ். எரிவாயு அடுப்புக்கு மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தது. புட்டுப்பானையைத் திறந்து பார்த்தேன், பார்சலோடு வருகிற சோஸ் பைக்கற்றுகளைச் சேர்த்து வைத்திருந்தார். துளசிக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் துள்ளினாள். "அம்மம்மாவின் சமையல் நீ சொன்னதைவிட நல்லாயிருக்கு" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பவளம் பெரியம்மா வாய் தவறும் வரைக்கும். முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது, குரல் அதே குரல்தான். போன மாரிக்கு அம்மா காய்ச்சலில் நாட்கணக்கில் கிடந்தாராம். பெரியம்மாவுக்கே பிறகுதான் தெரிந்ததாம். எப்போதும்போல மோட்டார் சைக்கிள் வந்து போனது, அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பார்சலை வாங்கினாராம். அதே ஆள் பெரியம்மா வீட்டுக்கும் பார்சல் கொடுத்துவிட்டுத்தான் போனார். எல்லார் வீட்டுக்கும்தான் பார்சல் வருகிறதே, பிறகு யார் யாரிடம் போய் என்னவென்று கேட்பது? "எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லைப் பார் உன்ர கொம்மா" என்று பெரியம்மா மூக்கைச் சிந்தினார். நானும் அந்த நாட்களில் அம்மாவோடு கதைத்திருப்பேன். சாப்பிட்டீங்களோ என்று கேட்டிருப்பேன். ஓம், பார்சல் வந்தது என்று சொல்லியிருப்பார். அது போதுமென்று வைத்திருப்பேன்.

நோர்வேயில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது, ஆபத்தென்றால் அமத்த வேண்டும், அதுபோல ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

"நான் என்ன மாடே, கழுத்தில மணி கட்ட?" என்றார் அம்மா.

"பிறகு உங்களுக்கு ஏலாமல் வந்தால் ஆருக்குத் தெரியும், அம்மா?"

அம்மா மூக்கைச் சிந்தியபடி இருந்த பெரியம்மாவின் பக்கம் கதிரையைத் திருப்பினார். "அக்கா, சுகமில்லாட்டி எனக்குக் கடைச் சாப்பாடு வாங்கினாலும் தொண்டையால இறங்காது. கஞ்சியும் ரசமும்தான். அதை நான்தான் வைக்கவேணும். அதால, எங்கட குசினியில அடுப்பு மணம் வந்தா எனக்கு ஏலாதெண்டு விளங்கிக்கொண்டு ஓடிவாங்கோ."

"எழும்பவே ஏலாட்டி?" என்று நான் விடவில்லை.

"அப்ப பார்சல்காரன் படலையில நிண்டு கோர்ன் அடிச்சபடி இருப்பான். ஊருக்கே கேக்கும்."

பெரியம்மா தலையை ஆட்டி, தனக்கும் அதே சட்டம்தான் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் வழக்குப் பேசித் தீர்த்தவர்கள் போல எழும்பிப் போனார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புறப்படுகிற நாள் வந்தது. கொழும்புக்குப் போகிற வான் வண்டி பின்னேரம் வரும். காலையில் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "அம்மா, ஒரேயொரு புட்டு" என்று சின்னப்பிள்ளை போலக் கெஞ்சினேன். "மணம் போனால் அக்கா வந்திடுவா" என்று அம்மா மறுத்தார். யன்னல்களைப் பூட்டுவோம் என்றேன். பூட்டினோம். கதவிடுக்கில் அப்பாவின் பழைய சாரத்தைச் சுருட்டி வைத்தோம். சோஸ் பைக்கற்றுகள் ஒரு வாளிக்குள் போயின. அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மாவைக் கையால் அளைந்தபோது அந்தக் கை எதையும் மறக்கவில்லை. ஆனால் மீன்குழம்புக்கு வெங்காயமும் வெந்தயமும் எண்ணெய்க்குள் விழுந்த மணத்தை எந்தச் சாரத்தால் அடைக்க முடியும்? புட்டு அவிந்து இறங்க முதலே படலை அடித்துத் திறந்தது.

"ஐயோ தங்கச்சி! என்னடி செய்யுது? ஓட்டோவும் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன்!"

ஒரு கையில் தோடம்பழப் பை, மற்றக் கையில் சோடாப் போத்தல். பின்னால் முற்றத்தில் ஓட்டோ உறுமிக்கொண்டு நின்றது. கிழவிக்கு மூச்சு வாங்கியது, தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது, ஒரு காலில் செருப்பில்லை. இவ்வளவு பதறி வந்தவரிடம், பிள்ளை ஆசைப்பட்டாள் என்று எப்படிச் சொல்வது? அம்மா அகப்பையோடு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த நாட்டில் இருந்தாலும் மறக்கமாட்டேன். எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, நான் ஒரு பிள்ளைக்குத் தாய், நோர்வேயில் வரி கட்டுகிறேன். பேசாமல் பாயை விரித்துப் படுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"இவளுக்குத்தான் அக்கா. காலமையிலிருந்து ஒரு மாதிரி" என்றார் அம்மா.

துளசி வாயைப் பிளந்தாள். "அம்மா பொய் சொல்கிறாள்!" என்று கத்தினாள். நல்ல வேளை, அதை நோர்வேஜிய மொழியில் கத்தினாள். பெரியம்மா என் நெற்றியில் கை வைத்தார். "சூடில்லை" என்றார். நான் பயந்தேன். "அப்ப உள்காய்ச்சல். உதுதான் பொல்லாதது." உள்காய்ச்சலுக்குப் புட்டு கூடாது, கஞ்சிதான் என்று தீர்ப்பாயிற்று. புட்டையும் மீன்குழம்பையும் துளசியும் பெரியம்மாவும் ஓட்டோக்காரரும் சாப்பிட்டார்கள். ஓட்டோக்காரர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். நான் போர்வைக்குள் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எனக்குக் கண்ணீர் வந்தது. இந்த முறை அது புட்டுக்காக மட்டும் வரவில்லை. செருப்பில்லாமல் ஓடிவர அம்மாவுக்கு ஒரு ஆள் இருந்தது.

வான் ஏறும்போது அம்மா என் மடியில் சூடான பொட்டலம் ஒன்றை வைத்தார். லஞ்ச் சீற், மேலே பத்திரிகைத் தாள். வவுனியா தாண்டின பிறகு அவிழ்த்தேன். சட்டியில் ஒட்டியிருந்த கடைசிப் புட்டு, ஒரு துண்டு மீன். அம்மாவின் சமையலை வாழ்க்கையில் முதல்தரமாகப் பார்சலாகச் சாப்பிட்டேன். தாளைக்கூட எறிய மனம் வரவில்லை.

நோர்வேக்கு வந்து சேர்ந்த அன்று வெள்ளிக்கிழமை. கணவருக்கு வேலை. பயணப் பெட்டிகள் விறாந்தையில் கிடந்தன, அரிசிப் பேணியைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருடமும் பீட்சா வேண்டுமென்றால் நானே கடைக்குப் போய், பெரிய துணிப்பைக்குள் சரித்து வைத்து, சாறெல்லாம் ஒரு பக்கம் ஒழுக ஒழுகக் கொண்டுவருவேன். அன்றைக்கு முதல்முறையாக வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். மணி அடித்தது. கதவை ஒரு சாண் திறந்து பெட்டியைச் சரித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். பீட்சாவை என் சட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி மணி அடித்தது.

இங்கிரிட் நின்றார். வீட்டுச் செருப்போடு, ஒரு பை தோடம்பழத்தோடு. முகத்தில் உண்மையான பயம்.

"உங்கள் கதவுக்குச் சாப்பாடு வந்ததைக் கண்டேன். யாருக்குச் சுகமில்லை?"

யாருக்கும் இல்லை, சமைக்க விருப்பமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வசனத்தை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். ஆனால் தோடம்பழப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்குத்தான்" என்றேன்.

இங்கிரிட் உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எந்த இடத்தில் நோகிறது என்று கேட்டார். கிளிநொச்சியில் என்று சொல்ல வாயெடுத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.