தொண்ணூறு சதவீதம்

திருப்பதியில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் திட்டப் பொறியாளர் தபிதா. தினமும் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்த வண்ண அட்டவணையில் எல்லா வேலையும் தொண்ணூறு சதவீதம் முடிந்திருந்தது. மூன்று மாதமாக அதே தொண்ணூறு. இந்த வாரம் திறப்புத் தேதி சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஹைதராபாத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது.

திங்கள்கிழமைக் கூட்டத்தில், எப்போது முடியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் "ஆயிடும் மேடம்" என்பார்கள்.

"யாருக்காகக் காத்துகினு இருக்கீங்க? அத மட்டும் சொல்லுங்க."

குழாய் வேலை ரமணய்யா தலையைச் சொறிந்தார். "கூரைக்குள்ள மொதல்ல வயர் போவட்டும்னு இருக்கேன் மேடம்."

"யோவ், உன் குழாய் போவட்டும்னு நான் நின்னுகினு இருக்கேன்யா!" என்றார் எலக்ட்ரீஷியன் முனிரத்தினம்.

"தினமும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதானே துன்றீங்க? அப்ப என்னதான் பேசுவீங்க?" என்றார் தபிதா.

எல்லாரும் சிரித்தார்கள். தபிதா சிரிக்கவில்லை.

மதியம் ஹைதராபாத்திலிருந்து மேலாளர் போனில் வந்தார். "டேட் சொல்லுங்கம்மா."

"டேட் என்கிட்ட இல்ல சார். இதுவரைக்கும் சொன்ன டேட்டெல்லாம் உங்க திருப்திக்காகச் சொன்னது. வேலை எங்க நிக்குதுன்னு மட்டும் இப்பத் தெரியும்."

தபிதா இன்னும் திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க நிக்குது?" என்றார் மேலாளர்.

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்பது இதுதான் முதல்முறை. சந்தோஷப்பட தபிதாவுக்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கூரை வேலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.