மணலில் நான்கு விரல்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஸ் என் கையில் முதலில் கொடுத்தது ஒரு போத்தல். கோலா கெடாவிலிருந்து வாங்கி வந்து புளிக்கவைத்த மீனெண்ணெய். மூடியைத் திறந்தாலே குடல் புரளும். செர்டாங் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பூனை இருக்கிறதா என்று கண்டறியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் அவர். பல இடங்களில் சலித்த மணலைப் பாய் அகலத்துக்கு வட்டமாகப் பரப்பி, நடுவில் அந்த எண்ணெயில் நனைத்த பஞ்சைக் குச்சியில் கட்டி நடுவோம். வாசனைக்கு வரும் பிராணி மணலில் கால் பதிக்கும். காலையில் போய்த் தடம் பார்ப்போம். மாலையில் பஞ்சு வைப்பது என் வேலை.

மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பூனை இருந்தால் செம்பனைப் பழத்தைத் தின்னும் எலியை அது பார்த்துக்கொள்ளும்; இரண்டு வாரத்தில் தடம் கிடைக்காவிட்டால் எலி மருந்து வைத்து, எலி ஒளியும் ஆற்றோரப் புதரையும் வெட்டிவிடுவார்.

பத்து நாள் ஒரு தடமும் இல்லை. பதினோராம் நாள் காலை ஒரு வட்டத்தின் மேல் குனிந்தேன். பஞ்சில் மீன் நாற்றத்தை மிஞ்சித் தைல வாசம் வந்தது. அது என் கைத் தைலம். வீட்டில் என் மனைவி, “மீன் விக்கிறவன்கூட இப்படி நாறமாட்டான், வெளியவே குளிச்சிட்டு வாங்க” என்று கிண்டல் செய்வாள். குமட்டுகிறது என்று மிஸ்ஸிடம் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் மூக்கிலும் கையிலும் தலைவலித் தைலத்தைத் தடவிக்கொண்டுதான் போத்தலைத் திறந்தேன். அதே கையால்தான் எல்லாப் பஞ்சையும் கட்டினேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“மிஸ், நான்தான் கெடுத்துட்டேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“பத்து நாளுமா அண்ணே?”

“பத்து நாளும்.”

பஞ்சை முகர்ந்து பார்த்தார். “பூனைக்குத் தலைவலி இருந்தா மட்டும்தான் இங்க வந்திருக்கும்” என்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பக்கங்களையும் குறுக்கே அடித்தார். மேனேஜரிடம் போய்க் கெஞ்சி, முன்பிருந்த கெடுவோடு இன்னும் நாலு நாள் வாங்கி வந்தார். புது மணல், புதுப் பஞ்சு, தைலம் படாத கை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு குமட்டலோடு வைத்தேன்.

கெடுவின் கடைசி நாள் காலை, ஆற்றோர வட்டத்தில் தடம் இருந்தது. மிஸ் மேனேஜரையே கூட்டி வந்தார்.

“நாய்தானே இது?” என்றார் அவர்.

“அண்ணன் சொல்லட்டும்” என்று மிஸ் ஒதுங்கி நின்றார்.

மேனேஜர் முகத்தைப் பார்த்து நான் பேசியதே இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “நாய்னா நகம் பதியும் சார். மூசாங்னா, அந்த மரநாய்க்கு, அஞ்சு விரல். இது நாலு, நகமில்ல. பூனைதான்.”

அவர் குந்தி உட்கார்ந்து விரல்களை எண்ணினார். எழுந்து, “சரி லா, மருந்து வேணாம். புதர விட்டுடுங்க” என்றார்.

மிஸ் தன் அறிக்கையில் ஒரு வரியை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்: முதல் பத்து நாள் கணக்கில் சேராது, தவற்றைத் தடம் பார்த்தவரே முன்வந்து சொன்னார். பூனையைக் கண்டுபிடித்ததைவிட அந்த வரிதான் எனக்குப் பெருமை. அதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது; அதனால்தான் எழுதி வைத்தேன்.

எழுதி முடித்தது: தைப்பூசத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.