படையலுக்கு முன் தின்ற கொழுக்கட்டை

என் சின்னக்காவைத் திருடி என்று முதலில் சொன்னவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அறியாத வயது என்று தப்பித்துக்கொள்ள விருப்பமில்லை. சொல்லும்போது எனக்கு இனித்தது. அது நன்றாக நினைவிருக்கிறது.

சேலையூர் வீட்டில் எனக்கு இரண்டு அக்காக்கள். பெரியக்கா செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று ஒன்று விடாமல் விரதம் இருப்பாள். விரதமில்லாத நாளிலும் தன் தட்டுச் சோற்றை என் பக்கம் தள்ளிவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறிப்போன பிறகும் இடுப்பைக் கிள்ளிப் பார்த்து, சதை போட்டுவிட்டதென்று கலங்குவாள். வந்தவர்களெல்லாம் அவளை அம்மன் அம்சம் என்றார்கள். அவள் பங்கு வடையைத் தின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

சின்னக்கா பார்வைக்கு எல்லாரையும் போலத்தான் இருந்தாள். ஒரு பிள்ளையார் சதுர்த்தியன்று, படையலுக்கு வைத்திருந்த கொழுக்கட்டைகளை அவள் கதவு மறைவில் நின்று தின்பதைப் பார்த்தேன். ருசித்துத் தின்னவில்லை, யாரோ துரத்துவதுபோல் விழுங்கினாள். பிறகு தோட்டத்துக்குப் போய் வாந்தியெடுத்தாள். திரும்பியவள் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், சொல்லிடாதடா. என்னால நிறுத்த முடியலடா.”

நேரே கூடத்துக்கு ஓடினேன். சாமிக்கு முந்தித் தின்றவள் என்ற பெயர் அன்று அவளுக்கு விழுந்தது. அவள் கல்யாணத்தில்கூட அத்தை சம்பந்தியிடம், “படையல் போடற வரைக்கும் இவள அடுப்படிப் பக்கம் விடாதீங்க” என்று சிரித்தாள். பெரியக்கா அதற்கு முன்பே இதயம் நின்று இறந்திருந்தாள். சாமி அழைத்துக்கொண்டது என்றோம்.

போன வருடம் என் பேத்தியைத் தாம்பரத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். குண்டாகிவிடுவோமென்ற பயத்தில் பட்டினி கிடப்பது ஒரு நோய் என்றார் அவர். அடக்க முடியாமல் தின்றுவிட்டு, அதே பயத்தில் அதை வெளியேற்றுவது இன்னொன்று. இந்த இரண்டாவது நோய் உள்ளவர்கள் மெலிந்திருக்க வேண்டுமென்பதில்லை, அதனால் வீட்டுக்குத் தெரியாமலே போகும். பேத்திக்கு இருந்தது வேறு. ஒளிந்து அளவுமீறித் தின்பாள், வெளியேற்றமாட்டாள், வெட்கத்தில் குமைவாள்.

“இது திமிரும் இல்ல, தீனி ஆசையும் இல்ல சார். வியாதி. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.”

அவர் பேத்தியைப் பற்றிப் பேசினார். எனக்கு என் அக்காக்கள் இருவரும் தெரிந்தார்கள்.

பரிகாரம் செய்துவிடத் துடித்தேன். மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி முடிந்ததும் எழுந்து நின்று, சின்னக்கா திருடியல்ல, நோயாளி, குற்றவாளி நான்தான் என்று எல்லார் முன்னும் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சின்னக்காவின் முகம் வெளுத்தது. அவள் மருமகளும் பேரன்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கு அதுவரை எதுவும் தெரியாது.

வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னாள்: “அன்னிக்கும் சொல்லாதன்னுதானே கேட்டேன். இன்னிக்காவது என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

அதன்பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து ஒருநாள் அஸ்தினாபுரத்திலிருந்து ஆட்டோவில் தனியாக வந்தாள். என்னைத் தாண்டி நேரே பேத்தியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் பேச்சுக்குரல். ஒருமுறை இருவரும் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறாள்.

இதை எழுதலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டேன்.

“பரவால்லியே, கேக்கக் கத்துக்கிட்ட” என்றாள். “எழுது. ஆனா அந்தப் பொண்ணையும் கேளு.”

பேத்தி இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.