என் ஐம்பது கிலோ போதவில்லை

ஹுசேன் சாகர் ஏரியில் பாய்ப்படகு கவிழ்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதைத் தனியாளாக நிமிர்த்துவதுதான் விஷயம். எங்களுடையது இருவர் ஓட்டும் படகு. இரண்டு ஒல்லியான மிதவைகள், நடுவே ஒரு வலை, அதற்கு மேல் உடம்புக்கு மீறிய பாய். பன்னிரண்டு வருடம் என் கணவர் சுக்கான் பிடித்தார், நான் முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொண்டேன். போன வருடம் அவருக்கு இதய அறுவை சிகிச்சை. இனிமேல் கயிறு இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்போ நான் தனியா ஓட்டறேன்" என்றேன். எங்கள் படகு கிளப் அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நானே படகைக் கவிழ்த்து, யார் உதவியும் இல்லாமல் நிமிர்த்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் தனியாகப் போக அனுமதி இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் வேறு ஜோடி தேட எனக்கு மனமில்லை. படகை விற்க வேண்டியதுதான்.

கவிழ்ந்த படகின் கீழ் மிதவையில் ஏறி நின்று, மேல் மிதவையைத் தாண்டி வரும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். ஆளின் பாரம்தான் படகைத் தூக்கும். சாய்ந்தேன், தொங்கினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். தண்ணீரில் கிடந்த பாய் ஒரு முழம் எழுந்து மறுபடி படுத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறும் அதே கதை. பாதுகாப்புப் படகு வந்து நிமிர்த்திவிட்டுப் போனது. சாக்கடை கலக்கும் அந்த ஏரித் தண்ணீரை ஒரு வாய் விழுங்கியவர்களுக்கு என் கோபம் புரியும்.

மெட்டுகுடா வீட்டுக்கு வந்ததும், "ரெண்டு வாரம் பிரியாணி சாப்பிடு, சரியாயிடும்" என்றார் என் கணவர்.

"நக்கோ! உங்க ஜோக் இப்ப வேணாம்" என்று கத்தினேன். எழுந்து போய்விட்டார்.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதர், சும்மா இருப்பாரா? காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டார். போவன்பள்ளி மார்க்கெட் பக்கம் போய், காய்கறி லாரிகளை மூடும் தார்ப்பாயில் ஒரு துண்டு வாங்கினார். ஸ்கூட்டர் சீட் தைப்பவரிடம் கொடுத்து, அகல வாயும் தோளில் மாட்டும் வாரும் வைத்து ஒரு பை தைத்துக்கொண்டு வந்தார்.

"கவுந்ததும் இதுல தண்ணி மொண்டு முதுகுல மாட்டிக்கோ. முப்பது லிட்டர் பிடிக்கும். உனக்குக் குறையற வெயிட் அவ்ளோதான்."

மூன்றாம் ஞாயிறு படகைக் கவிழ்த்தேன். பாய்க் கயிற்றைத் தளர்த்தினேன். பையை முக்கி நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு சாய்ந்தேன். தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. பாய் மெல்லத் தண்ணீரை விட்டுப் பிரிந்தது, அதனடியில் காற்று புகுந்தது, படகு தடாலென்று நிமிர்ந்தது. அது என்னை விட்டு ஓடிவிடாமல் மிதவைகளை இணைக்கும் முன்குழாயைப் பிடித்துத் தொங்கி, வலைமேல் ஏறி விழுந்தேன்.

கரைக்கு வந்ததும், "பாஸாயிட்டீங்க, மேடம். இனிமே தனியா போலாம்" என்று இந்தியில் சொன்னார் அதிகாரி. என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். காலிப் பையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா, பன்னெண்டு வருஷமா நான் செஞ்ச வேலைய இது செஞ்சுடுச்சு. 'சாய், இன்னும் சாய்'னு என்னை மாதிரி உன்னைப் பாத்துக் கத்தவும் கத்தாது."

அவர் சிரிப்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கண்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

"கத்தாதா?" என்றேன்.

"ஹவ், கத்தாது. நல்லதுதானே?"

"நல்லதில்ல" என்று, அத்தனை பேர் பார்க்க, சொட்டச் சொட்ட அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நல்லதே இல்ல."