சித்தி சட்டையில் குத்தியிருந்த பெயர்

நாங்கள் பிழைக்கப் போன வேற்றுமொழி ஊரில் என் சித்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணைப் பரிசோதிப்பது வேறொருவர். கண்ணாடியை முகத்தில் ஒழுங்காக உட்கார வைப்பது சித்தி. பிரேமின் காதில் மாட்டும் காம்பைச் சூடான காற்றில் காட்டி, கட்டைவிரலால் லேசாக வளைத்து, மாட்டிவிட்டு, வந்தவரின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பாள். "யாருக்குமே ரெண்டு காதும் ஒரே உயரத்துல இல்லடி. கடவுள் அளவெடுக்காமலே ஒட்டிட்டார்" என்பாள்.

சேர்ந்த அன்றே முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பேட்ஜை எடுத்துக் கொடுத்தார். முன்பு அங்கிருந்து விலகிப் போன பெண்ணுடையது. அதில் இரண்டே எழுத்தில், அந்த ஊர்ப் பெண்கள் வைத்துக்கொள்ளும் ஒரு பெயர். ஒரு மூலை உடைந்திருந்தது. சித்தி தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

"அது இங்க யார் வாயிலயும் நுழையாதும்மா. நுழையலைன்னா கூப்பிட மாட்டாங்க. கூப்பிடலைன்னா வாங்க மாட்டாங்க" என்றாராம்.

அன்று மாலை சித்தப்பா பேட்ஜைப் படித்துவிட்டு, "மேடம், நீங்க யாருன்னு தெரியல. என் பெண்டாட்டி வந்தா சோறு போடச் சொல்லுங்க" என்றார். சித்தி கரண்டியை ஓங்கினாள். கொஞ்ச காலம் வீட்டில் அது சிரிப்பாக ஓடியது.

கை நன்றாகப் பழகி, வாடிக்கையாளர்கள் அவளையே தேடி வரத் தொடங்கிய பிறகு, தன் பெயரில் பேட்ஜ் வேண்டும் என்று கேட்டாள். முதலாளி கோபப்படவில்லை. "அதுக்கென்ன, போட்டுக்கலாம். ஆனா கவுண்டர்ல நிக்க முடியாது. பின்னால லென்ஸ் தேய்க்கிற ரூம்ல இடம் இருக்கு. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. பேச ஆளும் கிடையாது. சித்திக்கு மனிதர்கள் வேண்டும். அவள் மறுபடி கேட்கவேயில்லை. தினமும் வீட்டுக்கு வந்ததும் பேட்ஜைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் டம்ளரில் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் சித்தி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அவளும் யார் பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. பிரேமை வைத்தே எல்லோருக்கும் பெயர்: தங்கக் கம்பி, தடிச்ச கருப்பு, ஊதா பிரேம் அம்மா. இந்த ஊதா பிரேம் அம்மா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி சரியாகவே இருக்கும், ஆனாலும் சரி செய்ய வந்துவிடுவார். வந்தால் பேச்சு எளிதில் முடியாது. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னதைச் சித்தி எங்களுக்கு முன்னால் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். "நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வந்து பார்க்கிறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். லீவு கேட்ட அன்று பேட்ஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் சித்தியின் பெயர், அவள் அப்பா பெயரோடு சேர்த்து எழுதியிருந்தது. "இங்கயாவது முழுசா போட்டிருக்கான் பாரு" என்று சந்தோஷப்பட்டாள். பார்வையாளர் நேரத்துக்கு முன்பே என்னைத் தலை வாரிவிடச் சொல்வாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசலையே பார்ப்பாள்.

"கடையிலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா? ஊதா பிரேம் அம்மா?"

"வயசானவங்க இல்லையா சித்தி. நாளைக்கு வருவாங்க."

அந்த நாளை வரவேயில்லை. ஒருநாள் நான் சீப்பை எடுத்தபோது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எத்தனை பேர் காதைத் தொட்டிருக்கேன். ஒருத்திக்கும் என்னைப் பார்க்கத் தோணலை பாருடி."

"ஏன், நாங்க இல்லையா?" என்றார் சித்தப்பா.

"நீங்க இருப்பீங்க" என்றாள். பிறகு கடைப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

சித்தியின் ஸ்வெட்டர் கடையிலேயே கிடந்தது. வாங்கி வரப் போனேன். கவுண்டரில் ஒரு புதுப் பெண். எங்களைப் போல வேறெங்கிருந்தோ வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் சட்டையில் அதே பேட்ஜ், அதே உடைந்த மூலை.

ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு வயதான பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊதா பிரேம். என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது அவளோடதாச்சே. எங்கம்மா இருக்கா? பெரிய ஆஸ்பத்திரின்னு சொன்னாங்க. ரெண்டு தடவை போனேன். அந்தப் பேர்ல யாருமே இல்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. பழமெல்லாம் வாங்கிட்டுப் போயிருந்தேன்."

அது அவள் பெயரே இல்லை என்பதையும், அவள் இறந்துவிட்டாள் என்பதையும் நான் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. எப்படியோ சொன்னேன்.

சித்தி எல்லோரையும் உட்கார வைத்துக் காது பார்க்கும் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ அவ பேரு என்ன?" என்றார்.

சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை நடுவில் தடுக்கியது. அடுத்த தடவை சரியாக வந்தது. "இவ்வளவுதானா?" என்று முதலாளி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். அவர் ஏதோ பிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குப் போனபோது சித்தப்பா அடுப்பின் முன் நின்றிருந்தார். ஃப்ரிட்ஜ் மேல் அந்த டம்ளர் அப்படியே இருந்தது.

"அந்த ஊதா பிரேம் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க சித்தப்பா. ரெண்டு தடவை. பேட்ஜ்ல இருந்த பேரைச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அதான் உள்ள விடலை."

அவர் அடுப்பை அணைத்தார்.

"இதை இனிமே அவகிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றார்.