மார்கழியில் அளந்த தூசி

காயம் பட்டால் ஓடிவந்து ஓட்டையை அடைப்பவை இரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள். அவற்றிலிருந்து உதிரும் பொடியை நாங்கள் அந்தக் காலத்தில் தட்டணுத் தூசி என்றுதான் சொன்னோம். தூசி என்று பெயர் வைத்துவிட்டால் யார் மதிப்பார்கள்? இப்போது அதற்கு வாய் நிறையப் பெயர் வந்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே, டாக்டர் பட்டத்துக்கு நான் அந்தத் தூசியைத்தான் எடுத்திருந்தேன்.

அது குப்பையில்லை, தோல் மூடிய மிகச் சின்னப் பைகள் என்று நான் நம்பினேன். அதைச் சேர்த்தால் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கிய இரத்த நீர், சட்டென்று உறைந்தது, நீக்கினால் தயங்கியது. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத்தான் வழியில்லை. எங்கள் மைக்ராஸ்கோப்பில் அது தெரியவே தெரியாது. வேகமாகச் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் கல்லூரிக்கே ஒன்று. தாவரவியல்காரர்கள் இலைச்சாற்றைச் சுற்றி முடித்து என் முறை வரும்போது கரண்ட் போய்விடும். வயிறு எரியும்.

வேறு வழியில்லாமல் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். சாதாரண சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அணுக்களையெல்லாம் நீக்கிவிட்டு, மிஞ்சும் பிளாஸ்மா எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கலரிமீட்டரில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பது. கலங்கல் எவ்வளவோ அவ்வளவு தூசி. என் பேராசிரியருக்கு இதில் நம்பிக்கையில்லை. பொங்கல் விடுமுறை முடிவதற்குள் எண் நிலையாக நிற்கவில்லையென்றால் தலைப்பை மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கல்லூரிக் கணக்கு விரிவுரையாளர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். அவருடைய அப்பா, அண்ணா இருவருமே இரத்தம் கட்டி, நின்ற இடத்தில் விழுந்து போனவர்கள். அண்ணா போன வயதை அவரும் தொட்டுவிட்டார். என் வேலையைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். வீட்டில் எல்லாரிடமும் இரத்தம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"எனக்கும் வருமான்னு மட்டும் சொல்லிடுங்கோ, போறும்" என்றார்.

மார்கழி முழுக்க காலையில் ஸ்ரீரங்கம் போனேன். வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆச்சரியம், அந்த வீட்டில் எல்லாருக்கும் கலங்கல் எகிறியது. காலைப் பூசைக்குப் பட்டினியாகப் போய் அப்படியே வந்து, ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கை நீட்டிய எங்கள் மாதாகோயில் ஆட்களுக்கோ தண்ணீர் மாதிரித் தெளிவு. மாதாவே, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் எண் ஒரு நாள்போல ஒரு நாள் நிற்கவில்லை. டவுன் பஸ் குலுக்கலில் தட்டணு உடைகிறதோ என்று, டியூப்களை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டினேன். அதற்கும் நிற்கவில்லை. ஒரு நாள் அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் கலங்கலே இல்லை.

"நேத்து இருந்த தூசியை இன்னிக்கு யாரும்மா பெருக்கினது?" என்றார் பேராசிரியர்.

கோபத்தோடு விரிவுரையாளரிடம் போய், இன்று மட்டும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஏகாதசி, எல்லாரும் உபவாசம் என்றார். அப்படியானால் மற்ற நாள் வெறும் வயிறு என்று சொன்னது?

"வெறும் வயிறுதானே. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின பொங்கலை எடுத்துப்போம். பிரசாதத்தைப் போய் சாப்பாடுன்னு சொல்லுவாளா?"

அவர் முகத்தில் துளிப் பொய்யில்லை. மார்கழி வெண்பொங்கலில் நெய் எப்படி மிதக்கும் என்று ஊருக்கே தெரியும். பழைய பிளாஸ்மாவை எடுத்துப் போய்த் தாவரவியல்காரர்களோடு சண்டை போட்டு வேகமாகச் சுற்றினேன். என் தூசி என்றால் அடியில் படிய வேண்டும். வெள்ளையாக மேலே மிதந்தது. கொழுப்பு. ஒரு மாதம் பாலம் தாண்டித் தாண்டி நான் அளந்தது நெய்யை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். எனக்கு வெண்ணெயே திரளவில்லை. அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை. டியூப்களைக் கழுவும்போது வேண்டுமென்றே ஒன்றை உடைத்தேன்.

தை பிறந்ததும் எல்லாரையும் நிஜமாகவே பட்டினி போட்டு மறுபடி எடுத்தேன். அந்த வீட்டுக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரே எண். இரத்தத்தில் தூசி இருந்தது, உறைதலில் அது தெரிந்தது. அதைப் பார்க்கும் கண் கலரிமீட்டருக்கு இல்லை. எண்ணிக் காட்ட முடியாததை எப்படி எழுதுவது என்று பேராசிரியர் கேட்டார். தவளையின் ஈரல் என்று வேறு தலைப்புக் கொடுத்தார். அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் விரிவுரையாளர் ஆய்வகத்துக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ எனக்கு வருமா, வராதா?"

தெரியவில்லை சார் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கோ. இன்னிக்கு ஆத்துல பிரசாதம்கூட வேண்டாம்னுட்டு வந்திருக்கேன்."

அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குப் பதில் ஊசியை எடுத்தேன்.